பூஜ்யத்தைக் கும்பிடுகிறவர்கள்

போன மாதம் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினார். 2012 ஜூன், இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட்டில் நடந்த குவீன் ஆன் ஸ்டேக்ஸ் பந்தயம். ஃபிராங்கல் என்கிற குதிரை கடைசி கால் மைலில் மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக வருகிறது. இரண்டாவது குதிரை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கீழே நண்பரின் தீர்ப்பு: "14 ரேஸ், 14 வெற்றி, தோல்வி பூஜ்யம். ரேட்டிங் 147. உலகத்துலயே பெரிய குதிரை இதான். பஞ்சாயத்து முடிஞ்சுது."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஃபிராங்கலைப் பிடிக்காது என்பதால் இல்லை. அந்த வீடியோவை நானே நூறு தடவையாவது பார்த்திருப்பேன். என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். எந்தப் பஞ்சாயத்து? யார் கூட்டினது? எதிர்த்தரப்பை எப்போ கூப்பிட்டு விசாரிச்சீங்க?

என் பெரிய மாமா ரேஸுக்குப் போகிறவர். வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே அத்தையின் முகம் மாறிவிடும். விட்ட பணத்துக்குக் கணக்கு கிடையாது. அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ரேஸ் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குக் காட்டியவர் அவர். பத்து வயதில் நான் "மாமா, இது மூணு தடவ ஃபர்ஸ்ட் வந்திருக்கு" என்று விரல் வைத்தால், பென்சிலை எடுத்து வேறொரு இடத்தில் வட்டம் போடுவார். முதுகில் ஏற்றிய எடை. அப்புறம் தூரம். அப்புறம் கூட ஓடிய குதிரைகளின் பெயர்கள். "ஃபர்ஸ்ட் வந்துச்சு, சரி. யாரு கூட ஓடி வந்துச்சு?" என்பார். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு இணையத்தில் யாரும் கேட்பதில்லை. பட்டியல் போடுகிறோம், எண்ணைப் பார்க்கிறோம், பூஜ்யத்தைக் கும்பிடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்தக் கும்பிடுக்கு எதிரானது.

*

முதலில் பூஜ்யத்தை எடுத்துக்கொள்வோம். தோல்வியே இல்லாததுதான் மகத்துவத்தின் அளவுகோல் என்றால் பஞ்சாயத்து 1879லேயே முடிந்திருக்க வேண்டும். ஹங்கேரியின் கின்செம் என்ற பெண்குதிரை 54 பந்தயங்கள் ஓடி 54லும் வென்றது. அதுவும் சொந்த ஊரில் மட்டும் ஓடிக்கொண்டு இல்லை. ரயிலிலும் கப்பலிலும் போய் இங்கிலாந்தின் குட்வுட் கோப்பையை வென்றது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் வென்றது. 54 பெருசா 14 பெருசா? கின்செமின் பெயரைச் சொன்னால் நண்பர்கள் உடனே சொல்வார்கள்: "அது அந்தக் காலம் சார். எந்த மாதிரிக் குதிரைங்களோட ஓடுச்சோ!" பார்த்தீர்களா? யாரோடு ஓடியது என்ற கேள்விக்கு நீங்களே வந்துவிட்டீர்கள். ஆக, பூஜ்யம் அளவுகோல் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். நமக்குப் பிடித்த குதிரைக்கு மட்டும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்.

ரேஸ்காரர்கள் 'கிளாஸ்' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். தரம் என்று எழுதலாம், ஆனால் முழுதாகப் பொருந்தாது. வேகம் வேறு, கிளாஸ் வேறு. கீழ்மட்டப் பந்தயங்களில் அசுர வேகத்தில் ஓடுகிற குதிரைகள் எத்தனையோ உண்டு. தனக்குச் சமமான ஒன்று பக்கத்தில் வந்து, தோளோடு தோள் உரசி, இருநூறு மீட்டருக்கு விடாமல் கூடவே வந்தால் அவை சுருங்கிவிடும். கிளாஸ் உள்ள குதிரை அந்த இடத்தில்தான் இன்னொரு பிடி பிடிக்கும். ஐரோப்பாவில் 1971லிருந்து பெரிய பந்தயங்களை குரூப் 1, 2, 3 என்று படியாகப் பிரித்து வைத்திருப்பதன் நோக்கமே இதுதான்: நல்ல குதிரைகள் நல்ல குதிரைகளைச் சந்திக்கட்டும். எனவே ஒரு குதிரையின் கிளாஸை அறிய ஒரே வழி, அது எந்தெந்தக் கேள்விகளைச் சந்தித்தது என்று பார்ப்பதுதான். யாரோடு, எவ்வளவு தூரம், எந்தத் தரையில், எந்த ஊரில், முதுகில் எவ்வளவு சுமையோடு, எத்தனை முறை.

கேள்வித்தாளைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதல் ரேங்க் யார் என்று சண்டை போடுவதை நாம் பள்ளிக்கூடத்திலேயே நிறையப் பார்த்தவர்கள். அதே வியாதிதான் இதுவும்.

*

மதிப்பெண் என்றதும் ரேட்டிங்குக்கு வருகிறேன். நண்பர் சொன்ன அந்த 147.

பிரிட்டனில் டைம்ஃபார்ம் என்ற நிறுவனம் 1948லிருந்து குதிரைகளுக்கு எண் கொடுத்துவருகிறது. ஒரு புள்ளி என்றால் ஒரு பவுண்டு எடை. 1965இல் டெர்பியும் ஆர்க்கும் வென்ற சீ-பேர்ட் என்ற பிரெஞ்சுக் குதிரைக்கு அவர்கள் 145 கொடுத்தார்கள். 2012இல் ஃபிராங்கலுக்கு 147. வித்தியாசம் 2 பவுண்டு. கிலோவில் சொன்னால் ஒரு கிலோகூட இல்லை. நாற்பத்தேழு வருட இடைவெளி, வேறு நாடு, வேறு பந்தயங்கள், பொதுவான எதிரி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டையும் ஒரு கிலோவுக்குள் துல்லியமாக நிறுத்துப் பார்த்துவிட்டார்களாம். நம்ம ஊர் தங்கக்கடைத் தராசுகூட இவ்வளவு தன்னம்பிக்கையோடு பேசாது.

அந்த எண் எப்படி வருகிறது? அடிப்படை எளிமையானது. ஒரு பந்தயத்தில் ஓடிய குதிரைகளில், தன் வழக்கமான திறமைக்கு ஓடியது என்று நம்பத்தக்க ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். வென்ற குதிரை அதைவிட எத்தனை லெங்த் முன்னால் வந்தது என்று பார்ப்பார்கள். லெங்த் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம். அந்த லெங்த்தைப் பவுண்டாக மாற்றுவார்கள். ஒரு மைல் பந்தயத்தில் ஒரு லெங்த்துக்குச் சுமார் 2 பவுண்டு. குறுகிய ஓட்டத்தில் இன்னும் அதிகம், நெடுந்தூரத்தில் குறைவு. கூட்டினால் எண் வந்துவிடும்.

இதில் எந்த ஏமாற்றும் இல்லை. நேர்மையான, கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் எல்லாமே அந்த அளவுகோல் குதிரையின் தலையில் நிற்கிறது. நண்பர் அனுப்பிய அதே பந்தயத்தைப் பாருங்கள். ஃபிராங்கல் 11 லெங்த்தில் வென்றது. இரண்டாவதாக வந்தது எக்ஸலபரேஷன், உண்மையிலேயே பெரிய குதிரை. சரி. மூன்றாவது? சைட் கிளான்ஸ். அன்றைய தேதிக்கு அது ஒரு குரூப் 1 பந்தயம்கூட வென்றதில்லை. அந்தச் சைட் கிளான்ஸ் எக்ஸலபரேஷனுக்கு மயிரிழை பின்னால் வந்தது. இப்போது சொல்லுங்கள். சைட் கிளான்ஸ் அன்றைக்கு வாழ்நாள் ஓட்டம் ஓடியதா? அல்லது எக்ஸலபரேஷன், ஃபிராங்கலைத் துரத்திப்போய்க் களைத்துத் தன் திறமைக்குக் கீழே ஓடியதா? முதலாவது என்றால் ஃபிராங்கலின் எண் ஏறும். இரண்டாவது என்றால் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் பல பவுண்டுகள் இருக்கின்றன. இதைத் தீர்மானிப்பவர் ஒரு மனிதர். அவர் தீர்மானத்தை நாம் எண்ணாக வாங்கி, வேதவாக்காக நெற்றியில் ஒட்டிக்கொள்கிறோம்.

இன்னொரு கதை சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தமானது. டைம்ஃபார்ம் தனியார் நிறுவனம். அதுபோக, பல நாடுகளின் அதிகாரப்பூர்வ ஹாண்டிகாப்பர்கள் சேர்ந்து போடும் உலகத் தரவரிசை ஒன்று உண்டு. அதன் கணக்கே வேறு. அதில் 1986ஆம் ஆண்டின் டான்சிங் பிரேவ் என்ற குதிரைக்கு 141 இருந்தது. ஃபிராங்கலுக்குக் கிடைத்தது 140. அதாவது உலகமே 'எல்லாக் காலத்துக்கும் பெரியது' என்று கொண்டாடுகிற குதிரை அதிகாரப்பூர்வமாக இரண்டாவது இடத்தில். என்ன செய்தார்கள் தெரியுமா? 2013 ஜனவரியில் பழைய எண்களை மறுபரிசீலனை செய்து அறிவித்தார்கள். 1977 முதல் 1991 வரையிலான குதிரைகளின் எண்கள் குறைக்கப்பட்டன. டான்சிங் பிரேவ் 138க்கு இறங்கியது. ஃபிராங்கல் முதலிடம்.

அந்தக் காலத்து எண்கள் பொதுவாகவே கொஞ்சம் ஊதியிருந்தன என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். அதில் நியாயம்கூட இருக்கலாம். ஆனால் 1999இல் ஜப்பானில் செத்துப்போன ஒரு குதிரை 2013இல் 3 பவுண்டு இழந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அது ஓடிய ஓட்டம் எதுவும் மாறவில்லை. அது ஜெயித்த குதிரைகள் மாறவில்லை. மாறியது நம் மேஜை. அப்படி மாறக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது?

*

அந்த டான்சிங் பிரேவைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது இரண்டு முறை தோற்ற குதிரை. 10 பந்தயம், 8 வெற்றி. பூஜ்யம் பார்ப்பவர்களின் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

1986இல் இரண்டாயிரம் கினீஸ் வென்று டெர்பிக்குப் போனது. எப்சம் மைதானத்தில் ரொம்பப் பின்னால் தங்கிவிட்டது. கடைசியில் பறந்து வந்தும் அரை லெங்த்தில் ஷாரஸ்தானியிடம் தோற்றது. அந்தத் தோல்வியோடு மூட்டையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. வயதில் மூத்த குதிரைகளோடு எக்லிப்ஸ் பந்தயம், வெற்றி. கிங் ஜார்ஜில் அதே ஷாரஸ்தானியை மறுபடி சந்தித்தது, வெற்றி. அக்டோபரில் பாரிஸில் ஆர்க். அந்த வருஷம் ஐரோப்பா முழுக்க இருந்த சாம்பியன்கள் ஒரே இடத்தில் கூடினார்கள்: பிரெஞ்சு டெர்பி வென்ற பெரிங், எப்சம் டெர்பியும் ஐரிஷ் டெர்பியும் வென்ற ஷாரஸ்தானி, இரும்புப் பெண் டிரிப்டிக், ஜெர்மனியின் சாம்பியன் அகாடெனாங்கோ. கடைசித் திருப்பத்தில் டான்சிங் பிரேவ் கூட்டத்தின் பின்னால் இருந்தது. வெளிப்பக்கமாக வந்து எல்லாவற்றையும் தாண்டி, பெரிங்கை ஒன்றரை லெங்த்தில் வென்றது. அதுவரையிலான ஆர்க்கின் வேகச் சாதனை அன்று உடைந்தது.

பிறகு என்ன? அதோடு நிறுத்தாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். சான்டா அனிடாவில் பிரீடர்ஸ் கப் டர்ஃப். நான்காவதாக வந்தது. வருஷம் முழுக்கக் கசக்கப்பட்ட குதிரை, அந்நிய வெயில். அங்கே தோற்றதால் ஆர்க்கின் மகத்துவம் குறைந்ததா? என்னைக் கேட்டால் கூடுகிறது என்பேன். அந்தக் குதிரையின் எல்லை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். எல்லை தெரிந்த ஒன்றைத்தான் அளக்கவே முடியும். தோற்காத குதிரையின் கிளாஸ் நமக்குத் தெரியாத கிளாஸ். அதை 'முடிவில்லாதது' என்று நினைப்பது ரசிகனின் ஆசை.

அமெரிக்கர்களின் செகரட்டேரியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 பெல்மான்ட்டில் 31 லெங்த். மொத்தம் 5 குதிரைகள் ஓடிய பந்தயம். அதோடு ஆரம்பத்தில் மல்லுக்கட்டிய ஷாம் நொறுங்கிப்போய்க் கடைசியாக வந்தது. வெறும் 31ஐ மட்டும் நான் நம்பமாட்டேன். நம்ப வைப்பது கடிகாரம்: ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 வினாடி. ஐம்பது வருடம் கடந்தும் அந்தப் பந்தயத்தில் அதை யாரும் தொடவில்லை. ஆனால் கடிகாரத்தையும் கண்மூடி நம்பக் கூடாது. அதே வருஷம் அதே குதிரை பிரீக்னஸில் ஓடிய நேரத்தில் தகராறு வந்தது. மைதானத்து மின்கடிகாரம் கோளாறு. கடைசியில் 2012இல்தான், 39 வருடம் கழித்து, 1:53 என்று திருத்தி எழுதினார்கள்.

செகரட்டேரியட் 21 ஓட்டத்தில் 16 வென்றது. பெல்மான்ட்டுக்கு இரண்டு மாதம் கழித்து ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. ஆமாம், வெங்காயம்தான். அடுத்த மாதமே மார்ல்பரோ கோப்பையில் ஒன்பது பர்லாங்கில் உலக சாதனையோடு வென்றது. மறுபடி ப்ரூவ் அவுட் என்ற குதிரையிடம் தோற்றது. அதன்பிறகு மண்தரையை விட்டுப் புல்தரைக்கு மாறி, கனடாவுக்குப் போய், ஒன்றேமுக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஜெயித்துவிட்டு ஓய்வுபெற்றது. தோல்வி, எழுச்சி, தோல்வி, தரைமாற்றம், நாடுமாற்றம். இது ஒரு சுயசரிதை. 14/14 என்பது ஒரு முகவரி அட்டை.

*

இப்போது கொஞ்சம் அசிங்கமான விஷயத்துக்கு வருவோம். ஏன் நவீன சாம்பியன்கள் இவ்வளவு குறைவாக ஓடுகின்றன?

காசு. ஆனால் பரிசுப் பணம் இல்லை. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் கூடாது. பொலிகுதிரை நேரடியாகச் சேர்ந்தால்தான் குட்டி பதிவாகும். 2013இல் ஃபிராங்கல் பொலிகூடத்துக்குப் போனபோது ஒரு தடவைக்குக் கட்டணம் 1,25,000 பவுண்டு. ஒரு பருவத்தில் நூறு பெண்குதிரைகள் என்று குறைத்து வைத்தாலும் ஒன்றேகால் கோடி பவுண்டு. ஒரே வருஷத்தில். எந்தப் பந்தயம் அவ்வளவு கொடுக்கும்? அப்படியிருக்க, நான்கு வயதுக்கு மேல் ஓடவைத்து, ஒரு தோல்வியை வாங்கி, அந்த எண்ணில் கை வைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? செகரட்டேரியட்டையே மூன்று வயதுப் பருவம் தொடங்குமுன் 60 லட்சம் டாலருக்குப் பங்கு போட்டு விற்றுவிட்டார்கள். வருஷக் கடைசியில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது.

2022இன் அமெரிக்க நட்சத்திரம் ஃப்ளைட்லைன். 6 பந்தயம், 6 வெற்றி. பசிபிக் கிளாசிக்கில் 19¼ லெங்த். அதிகாரப்பூர்வ உலகத் தரவரிசையில் 140, ஃபிராங்கலுக்குச் சமம். நான்கு வயதில் பொலிகூடம். அதன் ஆறு பந்தயங்களின் நேரத்தையும் கூட்டினால் சுமார் 9 நிமிடம். ஒரு மகத்தான வாழ்க்கை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. கடைசிப் பந்தயத்தில் லைஃப் இஸ் குட் என்ற வேகக்குதிரை வைத்த கொலைவெறி வேகத்தைத் துரத்திப் பிடித்து எட்டு லெங்த்துக்கு மேல் வென்றதே, அது கிளாஸ். ஆனால் ஆறு கேள்விக்குப் பதில் சொன்னவரும் அறுபது கேள்விக்குப் பதில் சொன்னவரும் ஒரே பெஞ்சில் எப்படி உட்காருவது?

அறுபது கேள்விக்குப் பதில் சொன்ன குதிரைகள் யார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கெல்சோ, 63 பந்தயம், தொடர்ந்து ஐந்து வருடம் அமெரிக்காவின் சிறந்த குதிரை. ஃபோரிகோ, 57 பந்தயம். ஃபார் லாப், 51 பந்தயம். மூன்றும் காயடிக்கப்பட்ட குதிரைகள். பொலிகூடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை, அதனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் சோதிக்கப்பட்டன. பெண்குதிரைகளும் ஓரளவு அப்படியே. வருஷத்துக்கு ஒரு குட்டிதான் ஈன முடியும் என்பதால் அவசரம் இல்லை. பிளாக் கேவியர் 25 ஓடியது, வின்க்ஸ் 43 ஓடியது. ஒரு குதிரை எத்தனை தேர்வு எழுத வேண்டும் என்பதை அதன் விதைப்பை தீர்மானிக்கிறது. இதைச் சொல்லாமல் தோல்வியற்ற சாதனையைப் பற்றிப் பேசுவது, கோச்சிங் கட்டணத்தைச் சொல்லாமல் மெரிட் பேசுவது மாதிரி.

அந்தப் பழைய குதிரைகள் சுமந்த எடையைப் பாருங்கள். ஹாண்டிகாப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள், எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதற்காக. 1976 மார்ல்பரோ கோப்பையில் ஃபோரிகோ 137 பவுண்டு சுமந்தது. எதிரி ஆனஸ்ட் பிளெஷர் 119. பதினெட்டு பவுண்டு கூடுதலோடு, சேற்றில், வெளிப்பக்கமாக வந்து, ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்தது. ஃபார் லாப் 1930 மெல்போர்ன் கோப்பையை 138 பவுண்டோடு வென்றது. அடுத்த வருஷம் 150 பவுண்டு ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. ஃபிராங்கல் வாழ்நாளில் ஒரு ஹாண்டிகாப்கூட ஓடியதில்லை. அது அதன் தப்பு இல்லை, இன்றைய ஐரோப்பியச் சாம்பியன்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை. ஆனால் ஓடாத தேர்வுக்கு மார்க் போடாதீர்கள்.

*

இந்த இடத்தில் என்னிடம் ஒரு கேள்வி வரும். வரவேண்டும். "அப்போ குதிரையைச் சாகும்வரைக்கும் சோதிக்கணும்கிறீங்களா?"

1975இல் ரஃபியன் என்ற பெண்குதிரை இருந்தது. 10 பந்தயம், 10 வெற்றி. அந்த வருஷ கென்டக்கி டெர்பி வென்ற ஃபூலிஷ் பிளெஷரா, ரஃபியனா, எது பெரியது என்று நாடே கேட்டது. ஜூலையில் பெல்மான்ட்டில் இரண்டையும் மட்டும் ஓடவிட்டார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை, ரஃபியனின் முன்கால் எலும்பு நொறுங்கியது. உடைந்த காலோடும் அது நிற்க மறுத்து ஓடியது. அறுவை சிகிச்சையும் பலிக்கவில்லை. கருணைக்கொலை செய்து, அதே மைதானத்தில் புதைத்தார்கள்.

அதை நான் மறக்கவில்லை. 150 பவுண்டு ஏற்றிய ஃபார் லாப்பின் முதுகையும் மறக்கவில்லை. குதிரைக்கு ரேட்டிங் தெரியாது, நம் பட்டியலில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. குறைவாக ஓடுவது அதன் எலும்புக்கு நல்லது என்றால் குறைவாகவே ஓடட்டும். வின்க்ஸை அதன் ஆட்கள் ஆஸ்காட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்திரேலியாவிலேயே வைத்திருந்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள்: ரஃபியனைக் கொன்றது இதே வெறிதான். 'எது பெரியது, இன்னைக்கே தீர்ப்பு சொல்லு' என்கிற வெறி. நான் கேட்பது அதற்கு நேர் எதிர். குதிரையை இன்னும் ஓடவைக்கச் சொல்லவில்லை. நம் வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்கிறேன். சோதிக்காமல் காப்பாற்றினீர்களா, நல்லது, கும்பிடு போடுகிறேன். ஆனால் காப்பாற்றிவிட்டு, 'எல்லாக் காலத்துக்கும், எல்லாத் தரைக்கும், எல்லாத் தூரத்துக்கும் பெரியது' என்ற பட்டத்தையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

அப்படி அடக்கமாகப் பார்க்கத் தொடங்கினால், நாம் கொண்டாட மறந்த ஓட்டங்கள் கண்ணில் படும். வின்க்ஸின் 33 தொடர் வெற்றியை விட, தொடர்ந்து நான்கு வருடம் காக்ஸ் பிளேட்டை வென்றது எனக்குப் பெரியது. ஒவ்வொரு வருஷமும் புதுப்புது எதிரிகள். 2018இல் துபாயில் ஏற்கெனவே குரூப் 1 வென்றிருந்த பென்பாட்ல் அதைத் தேடிவந்து இரண்டாவதாகப் போனது. பிளாக் கேவியர் 2012இல் பாதி உலகம் பறந்து ஆஸ்காட் போய், ஒரு தலை வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. ஜாக்கி கோட்டுக்கு முன்னாலேயே கையைத் தளர்த்திவிட்டார். ஓடி முடித்தபின் பார்த்தால் தசை கிழிந்திருந்தது. 'ச்சே, இவ்ளோதானா' என்றார்கள். தசை கிழிந்த உடம்போடு மூன்லைட் கிளவுட் மாதிரி ஒரு குதிரையை அந்நிய மண்ணில் வென்றதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஜென்யாட்டா 19 வென்று, 20ஆவது ஓட்டத்தில் ஆண்குதிரைகளோடு, வெகுதூரம் பின்தங்கி வந்து, ஒரு தலை வித்தியாசத்தில் பிளேமிடம் தோற்றது. அதன் அதிகபட்ச கிளாஸ் வெளிப்பட்ட நாட்களில் அந்தத் தோல்வியும் ஒன்று.

*

சரி, ஃபிராங்கல். நண்பரின் கட்சிக்கு நானே வாதாடுகிறேன், ஏனென்றால் அவர் வாதாடத் தெரியாமல் வாதாடுகிறார்.

147ஐயும் பூஜ்யத்தையும் ஓரமாக வையுங்கள். எக்ஸலபரேஷனைப் பாருங்கள். ஃபிராங்கலோடு ஐந்து முறை ஓடி ஐந்து முறையும் தோற்றது. ஃபிராங்கல் இல்லாத இடத்தில் பிரான்ஸின் மூலாங் வென்றது, ஜாக் லெ மாரவா வென்றது, ஆஸ்காட்டில் குவீன் எலிசபெத் வென்றது. அதாவது ஃபிராங்கல் பிறக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலத்தின் மைல் ராஜா அதுதான். இதுதான் சான்று. யார்க் மைதானத்தில் முதன்முறையாகப் பத்து பர்லாங்குக்கு மேல் ஓடி, ஃபார்ஹையும் செயின்ட் நிக்கோலஸ் அபேயையும் ஏழு லெங்த் பின்னால் தள்ளியது. ஒன்று அடுத்த வருஷம் இரண்டு குரூப் 1 வென்றது, மற்றது பிரீடர்ஸ் கப் வென்ற குதிரை. இதுவும் சான்று. மூன்று வயதிலேயே பொலிகூடத்துக்கு அனுப்பியிருக்கலாம். நான்கு வயதிலும் ஓடவைத்த முதலாளி காலித் அப்துல்லாவுக்கு ஒரு நன்றி.

எல்லாவற்றிலும் பெரிய சான்று 2012 அக்டோபர் 20, ஆஸ்காட், சாம்பியன் ஸ்டேக்ஸ். கடைசி ஓட்டம். மழையில் ஊறிய தரை, அதற்குப் பிடிக்காத தரை. வாசலிலேயே தாமதமாகக் கிளம்பியது. எதிரே சிரஸ் தேஸெக்ல்: முந்தைய வருஷம் இதே பந்தயத்தை வென்றது, சேறு என்றால் உயிர், காயடிக்கப்பட்டது, அதனால் ஐரோப்பா முழுக்க அடிபட்டுப் பழகியது. நேர்கோட்டில் ஃபிராங்கல் பக்கத்தில் வந்தபோது அது விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமான அந்தப் பறத்தல் இல்லை. ஃபிராங்கல் உழைக்கவேண்டியிருந்தது. ஒன்றேமுக்கால் லெங்த். அவ்வளவுதான். பயிற்சியாளர் ஹென்றி செசில் புற்றுநோயில் உருக்குலைந்து, குரல் போய், வேலியோரம் நின்றிருந்தார். அடுத்த ஜூனில் இறந்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தது நத்தானியேல். ஃபிராங்கலின் முதல் ஓட்டத்தில், 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில், அரை லெங்த்தில் இரண்டாவதாக வந்த அதே குதிரை. இடைப்பட்ட காலத்தில் அது கிங் ஜார்ஜும் எக்லிப்ஸும் வென்று பெரிய ஆளாகிவிட்டிருந்தது.

டெர்பி தூரத்தில் ஓடியதில்லை, ஆர்க் போனதில்லை, இங்கிலாந்தை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. அந்தக் கேள்விகளுக்கு ஃபிராங்கலிடம் பதில் இல்லை. எட்டு முதல் பத்து பர்லாங் வரை, இங்கிலாந்துப் புல்லில், நான் அறிந்த எந்தக் குதிரையையும் அதற்கு எதிராக நிறுத்தத் தயங்குவேன். அதற்குமேல் நகரமாட்டேன்.

*

1996இல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கு. குதிரைப்பந்தயம் அதிர்ஷ்டமா, திறமையா என்பது கேள்வி. பிரதானமாகத் திறமைதான் என்றது நீதிமன்றம். மாமா அதை ஏதோ தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒருநாள் கேட்டார்: "அவ்ளோ திறமைன்னா ஏன் நம்ம வீட்ல இன்னும் ஒழுகுது?" மாமாவிடம் பதில் இல்லை. திறமை இருந்தும் தோற்கலாம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

ஆனால் அந்தப் பென்சில் வட்டங்கள் பொய் இல்லை. எடை, தூரம், தரை, கூட ஓடியவை. ஒரு குதிரையை மதிப்பிடுவது உழைப்பு கேட்கிற வேலை, அந்த உழைப்பை ஒரு எண்ணிடம் ஒப்படைக்க எனக்கு மனசில்லை.

அன்று இரவே நண்பருக்கு அந்த அக்டோபர் பந்தயத்தின் வீடியோவை அனுப்பினேன். "இதைப் பாருங்க. பாத்துட்டு மூணாவது வந்த குதிரையோட பேரைச் சொல்லுங்க, மேல பேசலாம்" என்று எழுதினேன். நீலக் குறி விழுந்துவிட்டது. இன்னும் பதில் வரவில்லை.